சாயம் பூசாத குரல்

மழைக்கு ஒதுங்கத்தான் அவன் அந்தக் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தான். சும்மா நிற்கக் கூச்சப்பட்டு, கண்ணைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லிவைத்தான்.

உள்ளறையில் கண் பரிசோதிப்பவள் ஒரு ஹெவி மெட்டல் ராக் பாட்டை மெதுவாக ஓடவிட்டிருந்தாள். பழைய ஆல்பம். புதுசைக் கேட்கவில்லையா என்று அவன் கேட்டதுதான் தாமதம்... அவள் பொரிந்து தள்ளிவிட்டாள். அம்மா அதைப் பேய்க்கூச்சல் என்றபோதெல்லாம் அந்த இசைக்குழுவுக்காக மல்லுக்கு நின்றவள் அவள். இப்போது அவர்களே கிதாரைத் தடவிக்கொண்டு முனகுகிறார்களாம், குரலையே விற்றுவிட்டார்களாம்.

அவள் விளக்கை அணைத்து, சிறு டார்ச் ஒளியில் அவன் கண்களை அருகில் பார்த்தாள். தேன் கலந்த கறுப்பு... தேவையே இல்லாமல் இன்னொரு முறை பார்த்தாள்.

பாட்டை நிறுத்திவிட்டு, எதிரே ஒளிர்ந்த எழுத்துகளை வாசிக்கச் சொன்னாள். இரண்டாவது வரியிலேயே அவள் கை நின்றுவிட்டது. அந்தக் குழுவின் பாடகன் முகம் முழுக்கச் சாயம் பூசித்தான் மேடையேறுவான். வெறும் முகத்தை அவள் கண்டதில்லை. ஆனால் இந்தக் குரல்... தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

"நீங்களா?"

"நான்தாங்க."

அவள் முகம் சூடேறியது. ஆனாலும் விடவில்லை. "சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன்."

"வாங்காதீங்க. ஆனா நான் குரலை விக்கல. அப்போ நிஜமாவே கோவம் இருந்துச்சு, கத்தினேன். இப்போ இல்ல. இல்லாத கோவத்தைக் கத்திக் காட்டுறதுதாங்க விக்கிறது."

மறுநாள் மாலை கச்சேரிக்கு வரச் சொன்னான். வரமாட்டேன் என்றாள். ஆனால் போனாள்.

பாதிக் கூட்டம் பழைய பாட்டைப் பாடச் சொல்லிக் கூச்சலிட்டது. காலி பாட்டில் ஒன்று அவன் காலடியில் வந்து விழுந்தது. அவன் சாயமில்லாத முகத்தோடு, அசையாமல், அதே மெல்லிய குரலில் கடைசிவரை பாடினான். பக்கத்தில் நின்றவன் கேலியாகச் சிரித்தபோது, பிடிக்காவிட்டால் வெளியே போகும்படி அவனிடம் சொன்னது தானேதான் என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. நெஞ்சு நிமிர்ந்திருந்தது... இத்தனை வருடம் தான் மல்லுக்கு நின்றது வீண்போகவில்லை.

கூட்டம் கலைந்ததும் அரங்கத்தின் பக்கவாசலில் அவன் அவளைப் பிடித்துவிட்டான். எப்படி இருந்தது என்று கேட்டான்.

"பாட்டு இன்னும் பிடிபடல. பொய் சொல்ல மாட்டேன்," என்றாள். "ஆனா அத்தனை பேர் முன்னாடி நீங்க வளையாம நின்னீங்களே... எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு." வேறெங்கோ பார்த்தபடி சேர்த்துக்கொண்டாள். "உங்களைப் பிடிச்சிருக்கு."

கூச்சலுக்கு நடுங்காத குரல் இப்போது நடுங்கியது.

"எனக்கும்தாங்க... இன்னிக்கு முழுக்க உங்களைப் பார்த்துத்தான் பாடினேன்."