பதினேழாம் எண் தகடு

தகட்டின் எண் பதினேழா, பத்தொன்பதா என்று எனக்கு உறுதியில்லை. பூவராகன் ஒன்று சொன்னான், சலோமி வேறொன்று சொன்னாள். பதினேழு என்றே வைத்துக்கொள்கிறேன். மற்றவற்றிலும் என் நினைவு பிசகியிருக்கலாம். பனி பெய்தது மட்டும் நிச்சயம்.

கொலராடோ மலையில் மியூல்ஸ் ரெஸ்ட் என்றொரு ஊர். வெள்ளிக்காகத் தோண்டிய ஊர், இப்போது பனிச்சறுக்கு விடுதி. இருமி இருமிச் செத்தவர்களின் கொட்டடியில் இன்று வெந்நீர்த் தொட்டியும் வாசனை மெழுகுவர்த்தியும்! கோலார் தங்கவயலில் பிறந்த சலோமியும் தம்பி தயாளனும் அங்கே போனார்கள். டென்வரில் வேலை பார்க்கும் நண்பன் பூவராகன் கூட்டிப்போனான். பழைய சுரங்கத்தில் புதையல் வேட்டையாம். கையில் வரைபடம் கொடுத்தார்கள்.

"அப்பா முப்பது வருசம் குழில எறங்குனாரு. இவனுங்க அத வெச்சி வெளையாட்டு காட்றானுங்க, த்தூ!" என்றான் தயாளன்.

கௌபாய் தொப்பி போட்ட வழிகாட்டி டைலர் ஆளுக்கொரு எண் பொறித்த பித்தளைத் தகடு கொடுத்தான். "நினைவுப்பொருள், வீட்டுக்குக் கொண்டுபோங்கள்!"

வாசலில் ஆணிகள் அடித்த பழைய பலகை இருந்தது. அக்காவும் தம்பியும் யோசிக்காமலேயே தகடுகளை அதில் மாட்டினார்கள்.

"அது வெறும் அலங்காரம்!" என்று டைலர் சிரித்தான்.

அவர்கள் அப்பா பழக்கியது அது. இறங்குமுன் மாட்ட வேண்டும், ஏறிவந்ததும் எடுக்க வேண்டும். ஆணியில் ஒன்று மிச்சமிருந்தால் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது.

உள்ளே வண்ணவிளக்குகள். பாட்டுப் பாடும் பொம்மைத் தொழிலாளி! இருபது நிமிடத்தில் யாரோ பெட்டியைக் கண்டுபிடித்தார்கள். பொன்வண்ணம் பூசிய கற்கள், சூடான சாக்லேட்டுக்குக் கூப்பன். எல்லோரும் கைதட்டினார்கள்.

வெளியே டைலர் தலைகளை எண்ணினான். போனது பன்னிரண்டு, வந்தது பன்னிரண்டு. கதவைப் பூட்டி விளக்கை அணைத்தான். பனிப்புயல் வருகிறது, கேபிள் காரை நிறுத்தப்போகிறார்கள், ஓடுங்கள் என்று விரட்டினான்.

"தயா முன்னாடியே போயிருப்பான், வாங்க!" என்றான் பூவராகன்.

சலோமி தன் தகட்டை எடுத்தாள். பக்கத்தில் தம்பியின் பதினேழு தொங்கியது.

"அவன் உள்ளதான் இருக்கான்."

"எண்ணிக்கை சரியாக இருக்கிறதே?" என்றான் டைலர். கூப்பனுக்காக வாசலில் வந்து ஒட்டிக்கொண்ட ஒருவனையும் சேர்த்து எண்ணியிருந்தான் அந்தப் புத்திசாலி.

"தொறடா!" என்று தமிழிலேயே கத்தினாள் சலோமி. டைலருக்கு அது புரிந்துவிட்டது.

உள்ளே, தடுப்புக் கயிற்றுக்கு அப்பால் ஒரே இருட்டு. ஒரு கல்லை எடுத்துச் சுரங்க வண்டித் தண்டவாளத்தில் மூன்று முறை தட்டினாள். பதிலில்லை. மறுபடி தட்டிவிட்டு நின்றாள். அந்த மௌனத்தைப் பற்றி அவள் என்னிடம் பேசியதே இல்லை.

டொக். டொக். டொக்.

ஓடினார்கள்! சரிந்த பாறைக்கடியில் தயாளனின் கால் மாட்டியிருந்தது.

"எதுக்குடா கயித்த தாண்டுன?"

"நெசமான பாறை எங்கியாவது இருக்கான்னு பாக்க வந்தேன்க்கா."

"இருந்துச்சா?"

"கால் மேலதான் இருக்கு."

காட்சிக்கு வைத்திருந்த கடப்பாரையால் பூவராகன் நெம்பினான். அந்த ஊரில் போலியில்லாத ஒரே பொருள் அதுதான். டைலரும் தோள்கொடுத்தான். தொப்பி விழுந்தது, அவன் குனிந்து எடுக்கவில்லை.

வெளியே வந்ததும் தயாளன் நொண்டிக்கொண்டே பலகைக்குப் போய்த் தன் தகட்டை எடுத்தான். அப்பா ஒருநாளும் கயிற்றைத் தாண்டியவரில்லை என்று சலோமி சொன்னாள். ஊரையெல்லாம் ஏளனம் செய்தவன் தகட்டைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

தயாளனின் கணுக்கால் எலும்பு கூடிவிட்டது. சலோமி பெங்களூரில் பாறைப் பொறியியல் கற்பிக்கிறாள். பூவராகன் மலைப்பக்கமே போவதில்லை. டைலர் இப்போது எல்லோரையும் தகடு மாட்டச் சொல்கிறான். புதையல் பெட்டியில் இன்னமும் சாயக் கற்கள்தான்.