ஏழாம் தலைமுறைக் கட்டம்

கடைசிக் கட்டத்தில் மை இன்னும் காயவில்லை.

தம்பி விரலை எடுத்துப் பார்த்தான். நுனி கறுத்திருந்தது. ஒன்பது வருடமாக மாடி அறையின் இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடந்த தாள் அது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது.

குடும்பத்தின் ஆறு தலைமுறைக் கதையைப் படக்கதைத் தொடராகப் போடலாம் என்று அண்ணனும் தம்பியும் கிளம்பியது, வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். தம்பி பென்சிலில் வரைவான், அண்ணன் மை தீட்டுவான். தோண்டத் தோண்ட ஒரே சங்கதி வந்தது: ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவன் கூடப்பிறந்தவனைக் கொன்றிருக்கிறான். கோடாலியால், கயிற்றால், கல்லால். வரைய மாதிரி வேண்டுமே! அண்ணன் கையை ஓங்கி நிற்பான், தம்பி கழுத்தைச் சாய்த்துக்கொண்டு எதிர்க் கண்ணாடியைப் பார்த்து வரைவான். "தம்பி உடையான் படைக்கு அஞ்சான்டா. கழுத்தை நல்லா நீட்டு" என்று அண்ணன் சிரிப்பான். தம்பிக்கு இரண்டாவது மகன் பிறந்த அன்று அந்தச் சிரிப்பு நின்றது. அச்சுக்குப் போகாமலே தொடரை மூட்டை கட்டினார்கள். பிள்ளைகள் இரண்டு பேர் கண்ணிலும் இது படவே கூடாது. இன்று எரித்துவிடலாம் என்று திறந்தால், இப்படி.

கட்டத்தில் இதே அறை. இதே ஜன்னல், சாய்வாக விழும் பிற்பகல் வெயில், இங்கே மேசைமேல் கிடக்கும் தாள் வெட்டும் கத்திக்குப் பதிலாக அதில் வெறும் உறை. ஒருவன் கத்தியை ஓங்குகிறான், இன்னொருவன் சரிகிறான். இருவருக்கும் முகமில்லை. மை வாசனைக்கு அடியில், கறிக்கடையைத் தாண்டும்போது மூக்கில் ஏறுமே, அந்த வாசனை.

படியில் செருப்புச் சத்தம். நிதானமாக. ஒவ்வொரு படியாக.

"என்னடா, இன்னும் எரிக்கலையா?" என்றபடி வந்த அண்ணன், தாளைப் பார்த்ததும் வெளிறினான். "இதை எப்போ வரைஞ்சே?"

"நான் வரையலண்ணா. மை தீட்டறது நீதானே?"

"சாவி உன்கிட்டதானடா இருக்கு!"

அண்ணன் பாய்ந்து கத்தியை எடுத்தான். ஓங்கினான். தம்பிக்கு அந்த ஓங்கல் தெரியும். ஆறு தடவை வரைந்திருக்கிறான்.

யோசிக்கவில்லை. கையைத் திருகினான். கத்தியைப் பிடுங்கினான். கழுத்தில் இறக்கினான். உருவினான். மறுபடி இறக்கினான். முகத்தில் சூடாக அடித்தது.

"தாளை... கிழிக்கத்தான்டா..." அண்ணன் சரிந்தான். நெற்றி மேசை விளிம்பில் மோதிப் பிளந்தது.

"அண்ணா! பயந்துட்டேண்ணா! ஐயோ, அண்ணா!" தலையை மடியில் போட்டுக் கதறினான். மூச்சில்லை. கண் அசையவில்லை.

அண்ணனின் வலது கை அசைந்தது.

விரல் ரத்தத்தைத் தொட்டது. மரத்தரையில் கோடு இழுத்தது. இன்னொரு கோடு. ஒரு கட்டம். உள்ளே சின்னக் கட்டில். அதில் தூங்குவது தம்பியின் இளைய மகன்.

"வேணாம்ண்ணா. என் பிள்ளைங்க வேணாம்."

கத்தியால் அந்தக் கையைத் தரையோடு சேர்த்துக் குத்தினான். உள்ளங்கை கிழியக் கிழிய அது நகர்ந்தது. கட்டிலருகே மூத்தவனை வரைந்தது. பிறகு, அவன் இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்திருந்த தலையணையை வரைந்தது.