கரி லாரி நின்ற வளைவு

லாரி அவள் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றது.

பெட்ரோல் இல்லாத காலம். பின்னால் உலை கட்டி, கரியில் ஓடுகிற லாரி. புகையும் கோபமுமாகக் குதித்து இறங்கினான் டிரைவர் கிரகரி. நடுச்சாலையில், மடியில் கைக்குழந்தையோடு கத்தரீன் உட்கார்ந்திருந்தாள். ஊரே பனியில் நடுங்க, அவளுக்கு மட்டும் வியர்த்து வழிந்தது. கண் செருகியது.

“காலையிலயே சம்சு குடிச்சாச்சா? பிள்ளைய வச்சுக்கிட்டு…”

திட்டத்தான் நினைத்தாள். அதற்கும் தெம்பு வேண்டுமே…

“சர்க்கரை இருக்கா?”

“ஜப்பான்காரன் காலத்துல சர்க்கரையா? இருந்தா நானே தின்னிருப்பேன்லா.”

சொன்னவன் அவள் கை உதறுவதைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. கரி அப்பிய அவன் முகத்தில் கண்கள் மட்டும் மழையில் கழுவியதுபோல்… ஓடிப்போய்த் தன் மதியச் சாப்பாட்டை எடுத்து வந்தான். அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு.

தின்றாள். நடுக்கம் மெல்ல அடங்கியது.

“எனக்கு இனிப்பு நீர் வியாதி,” என்றாள்.

அவன் தலையில் கை வைத்தான். “அட கர்த்தரே… முதல்லயே சொல்லக் கூடாதா? இனிப்பையில்ல குடுத்துட்டேன்.”

“ஊசி போட்டாச்சு. இவன் பால உறிஞ்சிட்டான். சர்க்கரை கிடுகிடுன்னு இறங்கிருச்சு. அப்ப இனிப்புதான் மருந்து. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் குடுத்த வெல்லத்த மாமியா ஒளிச்சு வச்சிருச்சு. எனக்கு வெசம்னு நெனப்பு.” நெடுநாளுக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. “பயந்துட்டீங்களா டிரைவரே?”

“இப்பவும் பயந்துதான் நிக்கிறேன்.”

புருஷன் தாப்பா டவுனில் குண்டு விழுந்து செத்தபோது பிள்ளை வயிற்றில். இந்த வியாதிக்காரிகளுக்குப் பிள்ளை பெரிதாக வளருமாம். பெற்றெடுப்பதற்குள் செத்துப் பிழைத்தாள். பாலை நிறுத்து, உடம்பு தாங்காது என்றார் டிரெஸர். நிறுத்தினால்? பால்மாவு டின்னைக் கண்ணால் பார்த்து நாளாகிவிட்டது. அவள் பால் நின்றால் பிள்ளையும் நின்றுபோவான். அதனால் கொடுத்தாள். அசந்து உட்கார்ந்தபடி, தூங்கியபடி, கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகு கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிவரும் போதெல்லாம் லாரி அந்த வளைவில் நின்றது. தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்ட சரிவில் அவள் மண் கொத்திக்கொண்டிருப்பாள். இலையில் மடித்த கிழங்கு வரும்.

“பெரியவர் இன்னைக்கு என்ன சொல்றார்?” பிள்ளையை எட்டிப் பார்ப்பான்.

“பசிக்குதுங்கிறார். வேற என்ன தெரியும்?”

லயத்து வீடுகளில் வாய்கள் சும்மா இருக்குமா? தண்ணீர்க் குழாயடியில் அவள் காதுபடவே பேசினார்கள். ஒருநாள் கிழங்கைத் திருப்பி நீட்டினாள்.

“வேணாம். என் பேரை லயமே மென்னு துப்புது. இனிமே நிறுத்தாதீங்க. பிச்சை வாங்கி வாழல நான்.”

“பிச்சைன்னு யார் சொன்னா?” கிழங்கை வாங்கிக்கொண்டு அவன் வண்டியில் ஏறினான்.

அடுத்த முறை லாரி நிற்காமல் போனது. மறுமுறையும் போனது. வளைவில் மட்டும் மெதுவாக… ஏன் காது கொடுக்கிறோம் என்று மண்வெட்டியோடு தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்த வாரம் வீட்டிலேயே அவளுக்குச் சர்க்கரை இறங்கியது. பல் கிட்டிப்போவதைப் பார்த்து மாமியார் மணியம்மா அலறியடித்து, டிரெஸர் சொன்னது நினைவுக்கு வர, ஒளித்த வெல்லத்தைத் தன் கையாலேயே வாயில் திணித்தாள். மருமகள் கண் விழித்ததும் மிச்சத்தை அவள் முந்தானையில் முடிந்தாள்.

“கொல்லப் பாத்துட்டேனே… அந்த டிரைவர் தம்பிய ஏன் விரட்டுன? ஊர்வாயா உன் பிள்ளைக்குப் பால் குடுக்குது?”

மறுநாள் மழை. பிள்ளையைப் போர்த்திக்கொண்டு வளைவில் நின்றாள். லாரி இருமிக்கொண்டு நின்றது.

“கை நடுங்குதே… இறங்கிருச்சா?” பதறிக் கிழங்கைத் தேடினான் கிரகரி. நிறுத்தாத நாளிலும் கொண்டுதான் வந்திருக்கிறான்.

“இல்ல. சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்.”

“அப்புறம் ஏன்…”

அவள் மழையைப் பார்த்தாள். அவனுக்குப் புரிய நேரமாயிற்று.

“ஊசி மருந்து இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் வரும். அப்புறம் நான் இருப்பேனோ என்னமோ. யோசிச்சுக்கங்க.”

“இந்த லாரி அடுத்த ஏத்தம் ஏறுமான்னு எனக்கு ஒருநாளும் தெரியாது. ஓட்டாமயா இருக்கேன்? மருந்து ஈப்போவுலயும் கேட்டு வச்சிருக்கேன். கிடைக்கும்னு பொய் சொல்ல மாட்டேன்.” குரல் இறங்கியது. “நீ இருக்குற வரைக்கும் எனக்கு வேணும். ஏறு கத்தரீன்.”

அவளுக்குக் கால் வலித்தது. எத்தனையோ மாதமாக வலித்துக்கொண்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

“மொதல்ல இவனப் பிடிங்க.”

கரிக் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து, பிள்ளையை வாங்கிக்கொண்டான் கிரகரி.