கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

சுவிட்ச் அறைக்குள் மேஸ்திரி மல்லாந்து கிடந்தார். வலது கை கருகியிருந்தது.

வெளியே அறுபது தறிகள் காதைக் கிழித்துக்கொண்டிருந்தன. ஒரு சாவுக்காக மில் நிற்குமா என்ன...

இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தினார். சத்தம் அடங்கியது.

"அப்பாடா! கடைசியா இவர்கிட்ட பேசினது யாருய்யா?"

"நான்தான் சார்."

மெக்கானிக். கையில் ஏற்கெனவே விலங்கு. கேட்டுக்கு வெளியே அவர் மனைவி அழுதுகொண்டிருந்தாள்.

"இந்த ஃபியூஸ் பெட்டியோட சுவிட்சை மட்டும் அணைச்சேன். 'நான் வர்ற வரைக்கும் பெட்டியைத் தொடாதீங்கண்ணே, செத்துடுவீங்க'ன்னு சொல்லிட்டு டெஸ்டர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தா... யாரோ சுவிட்சைப் போட்டிருக்காங்க!"

"நீ பல்லைக் கடிச்சிட்டு மிரட்டினேன்னு மில்லே சொல்லுதே!"

கதவின் கண்ணாடி வழியே அதைப் பார்த்தவள் ஒரே ஒரு தறிக்காரிதான். அவளைக் கூப்பிட்டார்.

"எப்படிம்மா சொன்னார்? கோபமாவா?"

"எனக்கெப்படி சார் தெரியும்? இந்தச் சத்தத்துல நாங்க வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிஞ்சுக்குவோம். 'செத்துடுவீங்க'ன்னு உதடு அசைஞ்சது. அவ்வளவுதான்!"

"பல்லைக் கடிச்சது?"

"கேன்டீன் அக்கா சேர்த்தது."

"கழுத்தைப் பிடிச்சது?"

"அது வாட்ச்மேன் மாமா."

"நீ எதுவும் சேர்க்கலை?"

தலையைக் குனிந்தாள். "'அண்ணே'யை மட்டும் விட்டுட்டேன் சார்..."

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்தார். இருபது வருஷ சர்வீஸ். பிணங்கள் அவரை அலுக்க வைத்ததில்லை. சாட்சிகள்தான்!

அறை ஓரமாய் நின்றிருந்த ஸ்டோர் கீப்பர் முன்னால் வந்தார்.

"பாவம் சார், அவரை விட்டுடுங்க. என் காதால கேட்டேன். கெஞ்சற குரல்லதான் சொன்னாரு. கோபமே இல்ல!"

மெக்கானிக்கின் கண் நிறைந்தது. "நீங்களாவது சொன்னீங்களே..."

"அப்போ எங்க இருந்தீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஸ்டோர்ல சார். தறிக்கூடத்துக்கு அந்தக் கோடி."

இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்தார். சத்தம் பாய்ந்து வந்தது. ஏதோ சொன்னார். ஸ்டோர் கீப்பர் காதுக்குப் பின்னால் கையை வைத்து விழித்தார்.

கதவு மூடியது.

"டீ வேணுமான்னு கேட்டேன். ரெண்டடியில நிக்கிற உங்களுக்கே கேக்கலை. அந்தக் கோடிக்குக் கெஞ்சல் மட்டும் கேட்டுச்சா?"

ஸ்டோர் கீப்பரின் பார்வை மூலையிலிருந்த அலமாரிக்கு ஓடியது.

"இந்த அறைக்குள்ள இருந்தவனுக்குத்தான் குரல் கேட்டிருக்கும். கான்ஸ்டபிள், அந்த அலமாரியை நகர்த்து!"

பின்னால் ஓர் ஆள் நிற்க இடம். ஒரு சாக்கு. உள்ளே ஸ்டோரின் செம்புக் கம்பிச் சுருள்கள்.

"இதை எடுக்கத்தான் வந்தேன் சார்... மேஸ்திரிக்கு ஏற்கெனவே சந்தேகம். முதலாளிகிட்ட சொல்லிடுவேன்னார். அவர் பெட்டிக்குள்ள கையை விட்டாரு... சுவிட்ச் என் கைக்கு எட்டுச்சு..."

"பாவம் பார்த்து இவனைக் காப்பாத்த வேற வந்தீங்களாக்கும்!"

மெக்கானிக்கின் விலங்கு ஸ்டோர் கீப்பர் கைக்கு மாறியது. இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து, வாசலில் குவிந்திருந்த கூட்டத்தைப் பார்த்து முழுத் தொண்டையில் கத்தினார்.

"பொய் சொன்னவங்க எல்லாரும் வேலைக்குப் போங்க! உண்மையைச் சொன்னவர் மட்டும் ஜீப்ல ஏறட்டும்!"