ஒருவழிக் கண்ணாடி

கோயம்புத்தூரில் இப்போது கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. சுவர்ப் பூச்சில் காண்துகளைக் கலக்க ஆரம்பித்த பிறகு ஊரே தங்கமாகிவிட்டது. மாவைவிடச் சன்னமான அந்தத் துகள் ஒவ்வொன்றும் ஒரு கண். அது பார்த்துச் சொல்லும் நடத்தையை வைத்துத்தான் வேலை, வீடு, கல்யாணம் எல்லாம். தெருவில் யாராவது தடுக்கி விழுந்தால் தூக்கிவிட நாலு பேர் முண்டியடித்தார்கள். துகள் விழித்திருக்கும்போது சுவரில் இளநீல ஒளி தெரியும். அந்த ஒளி அணைந்து யாரும் பார்த்ததில்லை.

உளவியல் பேராசிரியை அருள்மங்கைக்கு அதுதான் உறுத்தல். பார்க்கப்படுகிறவர் மாறிவிடுவார் என்பது அவள் துறையின் பழைய தலைவலி. பார்க்காமல் விட்டால் எப்படி இருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், அதற்கும் ஒருவர் பார்த்தாக வேண்டும்!

உண்மையில் அவள் தெரிந்துகொள்ள விரும்பியது ஊரைப் பற்றி அல்ல, கணவன் செங்கதிரைப் பற்றி. விபத்தில் மகள் தூரிகாவின் கால்கள் செயலிழந்ததும் அவன் வேலையை விட்டான். ஒன்பது வயதுப் பெண்ணைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கிச் சுமந்தான். ஊரே மெச்சியது. அந்த அன்பு நிஜம்தானா?

ஆராய்ச்சிக்காகச் சொந்த வீட்டில் துகளைத் தினமும் ஒரு மணி நேரம் அணைத்துவைக்க அனுமதி வாங்கினாள். ஒரு பக்கம் முகம் காட்டும், மறுபக்கம் இருப்பவருக்கு ஜன்னலாகும் ஒருவழிக் கண்ணாடி ஒன்று துறையில் தூசி படிந்து கிடந்தது. அதைக் கொண்டுவந்து, முகம் பார்க்கும் கண்ணாடி என்று சொல்லி மகளின் அறைச் சுவரில் பதித்தாள். சேலத்தில் கருத்தரங்கு என்று கிளம்பிப் போனவள், பின்வாசல் வழியாக வந்து பக்கத்து அறையில் உட்கார்ந்தாள்.

நீல ஒளி அணைந்தது. மகளின் கட்டிலருகே இருந்த செங்கதிர் சுவரைப் பார்த்தான். நாற்காலியில் சாய்ந்தான்.

"அப்பா, தண்ணி வேணும்."

அவன் எழவில்லை. முகத்தில் கோபம் இல்லை, சலிப்புகூட இல்லை. தூரிகா கையை நீட்டி மேசையிலிருந்த குவளையை எட்டப் பார்த்தாள். குவளை உருண்டது, அவளும் கட்டிலிலிருந்து விழுந்தாள். தண்ணீர் தரையில் ஓடி வந்தபோது செங்கதிர் கால்களைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டான்.

'குறுக்கிடாதே' என்றது அருள்மங்கையின் பயிற்சி. நோக்குபவர் உள்ளே நுழைந்தால் நோக்கல் கெட்டுவிடும் என்று மாணவர்களுக்கு வருடக்கணக்காகச் சொல்லிக் கொடுத்தவள் அவள். அதனால் உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் அவள் தேடிய விடை கிடைத்துவிட்டதே! இனிக் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. கண்ணாடிக்கு அப்பால் மகள் குப்புறக் கிடந்து முனகினாள். எழுந்து நாலடி நடந்தால் போதும். அருள்மங்கை எழவில்லை. இந்த அறையிலும் துகள் அணைந்திருந்தது. அவளையும் யாரும் பார்க்கவில்லை.

குறித்த நேரம் முடிந்து ஒளி திரும்பியது.

"ஐயோ, கண்ணு!" செங்கதிர் பாய்ந்தான். கதவைத் தள்ளிக்கொண்டு அருள்மங்கையும் ஓடினாள். அவள் எங்கிருந்து வந்தாள் என்று அவன் கேட்கவில்லை. இருவரும் மகளை அணைத்துக்கொண்டு தேம்பினார்கள். அழுகை நடிப்பில்லை, நிஜம். அதுதான் கொடுமை.

மறுநாள் மாலை, செங்கதிர் கடைக்குப் போயிருந்தபோது, அருள்மங்கை மறுபடி துகளை அணைத்தாள். இந்த முறை ஆராய்ச்சிக்காக அல்ல. யாரும் பார்க்காமல் தன் பெண்ணை ஒரே ஒரு தரம் கட்டிக்கொள்ள வேண்டும். தன்னால் அது முடியும் என்று தனக்கே காட்ட வேண்டும்.

கட்டிலருகே வந்து நின்றாள். குனிய வேண்டும் என்று நினைத்தாள். உடம்பு நின்றபடியே நின்றது. கைகள் தொங்கின.

தூரிகா இருண்ட சுவரைப் பார்த்தாள், பிறகு அம்மாவை. வருத்தமே இல்லாமல், பரிவாகத்தான் சொன்னாள்:

"அணைஞ்சிருக்குதும்மா. இப்ப ஒண்ணும் பண்ண வேண்டாம். நீ போயிப் படுத்துக்க."

அருள்மங்கை போய்ப் படுத்துக்கொண்டாள்.