வலப்பக்க இருக்கை

“உன் அளவுக்குத்தான் தைக்கச் சொல்லியிருக்கேன். வேற யாருக்கும் பொருந்தாது.”

“எதை?”

“சீட்டை. கார் சீட்டை.”

“என்னைப் பார்த்தா உனக்கு மெத்தை மாதிரி தெரியுதா?”

“கல்யாணமான புதுசுல தெரிஞ்சுது. இப்பதான் பஞ்சு கொஞ்சம் அமுங்கிப்போச்சு.”

“வாயை மூடிக்கிட்டு சூப்பைக் குடி, யெர்னெய்.”

“நான் இல்லடி, நீதான் வாயை மூடிக்கணும். உள்ள போய் உக்காந்துட்டா பேசக்கூடாது, இருமக்கூடாது, தும்மக்கூடாது. சீட்டு எங்கயாவது பேசுமா?”

“பக்கத்து சீட்டுல யாராவது இருப்பாங்கல்ல?”

“யாரும் இருக்க மாட்டாங்க. அது காலியா இருக்கணும். அதுதானே ஆராய்ச்சியே.”

ஏப்ரல் மாதத்து ஞாயிறு மதியம், மாட்டிறைச்சி சூப்பின் ஆவிக்கு நடுவே கணவன் சொன்ன ‘அது காலியா இருக்கணும்’ என்ற பேச்சு, நவம்பரில், ஆய்வுக்கூடத்து அறையில் தனியாக வீடியோ பார்த்துக்கொண்டிருந்த தியாஷாவின் காதில் மறுபடி கேட்டது. அவள் வீடியோவை நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். மறுபடி பார்த்தாள்.

மரிபோர் நகரத்துத் தெருக்களில் ஆளில்லாக் கார் ஒன்று ஓடினால் நடந்து போகிறவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் யெர்னெய் நடத்திய ஆராய்ச்சி. கார் உண்மையில் ஆளில்லாதது அல்ல. அந்த ஊர்க் கார்களில் இடப்பக்கம் இருக்கும் ஓட்டுநர் இருக்கையைப் போலவே தைத்த கூடு ஒன்றுக்குள் தியாஷா புகுந்து உட்கார்ந்துகொள்வாள். தலை சாய்க்கும் பகுதியில் அவள் முகம் இருக்கும். மெல்லிய கறுப்பு வலைத்துணி வழியாக முன்னால் மட்டும் தெரியும். கறுப்புக் கையுறை போட்ட கைகள் ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்திருக்கும். வெளியே நிற்பவர்களுக்குக் காலி இருக்கையும் தானாகத் திரும்பும் சக்கரமும்தான் தெரியும். அவர்கள் வழக்கம்போல ஓட்டுநரின் கண்ணைத் தேடுவார்கள். கண் இல்லை என்றதும் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைத்தான் கண்ணாடியோரம் இருந்த கேமரா பதிவு செய்தது.

ஆனால் இந்த வீடியோவில் இருந்த கிழவர் தயங்கவில்லை. நடைபாதை ஓரத்தில் நின்றார். காரைப் பார்த்தார். ஓட்டுநர் இருக்கையை அல்ல, அதற்கு வலப்பக்கத்தில் இருந்த காலி இருக்கையைப் பார்த்தார். தொப்பியை லேசாகத் தூக்கி, நன்றி சொல்கிறவர்போலத் தலையசைத்துவிட்டு, நிம்மதியாகக் கடந்துபோனார்.

அடுத்த வீடியோவில் இரண்டு மாணவிகள். அதற்கடுத்ததில் தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண். எல்லார் பார்வையும் வலப்பக்கம். எல்லாரும் தலையசைத்தார்கள்.

“அருமை,” என்றான் யெர்னெய், அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று. “மனுஷ மனசு காலி சீட்டுல தானா ஒரு ஆளை உக்கார வெச்சுக்குது பாரு. இதை மட்டும் சரியா நிரூபிச்சா நம்ம ஆய்வுக்கூடத்தை யாராலயும் மூட முடியாது.”

“எல்லாருமே ஏன் வலப்பக்கம் பார்க்கணும்?”

“நீ ஏன் எதைப் பார்த்தாலும் பேய் பார்த்தவ மாதிரி முழிக்கணும்?”

அவன் கிண்டலில் எப்போதும் ஒரு சின்ன ஊசி இருக்கும். ஒன்பது வருடத்தில் அது குத்தும் இடம் அவளுக்குப் பழகிவிட்டது. அவள் சிரித்து வைத்தாள்.

அன்று முதல் கூட்டுக்குள் உட்கார்ந்தபோதெல்லாம் அவள் உடம்பின் வலப்பக்கம் மட்டும் விழித்திருந்தது. கழுத்தைத் திருப்ப முடியாது. கூடு அப்படி இறுக்கமாகத் தைக்கப்பட்டிருந்தது. ரப்பர் பஞ்சின் வாசமும், தன் மூச்சே திரும்பி வந்து முகத்தில் படியும் வெதுவெதுப்பும், காலையில் குடித்த காப்பியின் புளிப்பும் அவளுக்குப் பழகியவை. அவற்றுக்கு அடியில் இப்போது வேறொரு வாசம் இருந்தது, மழையில் நனைந்து காயாமல் மடித்து வைத்த கம்பளிக் கோட்டின் வாசம், திராவா ஆற்றிலிருந்து எழும் மூடுபனி ஊருக்குள் வரும் நாட்களில் அது அதிகமானது. கடக்கும் இடங்களில் கார் வேகம் குறையும்போது மட்டும் அவள் வலக்காதுக்கு அருகே துணி உரசும் மெல்லிய ஒலி கேட்டது. கையைத் தூக்கும்போது கோட்டின் கை உரசுமே, அந்த ஒலி. பிறகு, அந்தக் கை இறங்கும்போது கேட்கும் ஒலி.

ஒரு நாள் பெல்ட் போடச் சொல்லும் மணி நிற்காமல் அடித்தது.

அவளைக் கூட்டுக்குள் ஏற்றிப் பின்பக்கம் கயிறு இறுக்கும் ஸ்வோன்கோ, வலப்பக்கக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். “காலி சீட்டு பெல்ட் கேக்குது, டாக்டரம்மா. பாதுகாப்புல உங்க வீட்டுக்காரரை விட அக்கறை போல.” அவரே சிரித்துக்கொண்டு மணிக்குப் போகும் கம்பியைப் பிடுங்கிப் போட்டார். மணி நின்றது. இருக்கையில் பதிந்திருந்த பள்ளத்தைப் புறங்கையால் தட்டித் தட்டிச் சமன் செய்தார். அவர் கதவைச் சாத்தியதும், பள்ளம் மெதுவாகத் திரும்ப விழும் சத்தம் தியாஷாவுக்குக் கேட்டது.

அன்று மாலையே சொல்லியிருக்கலாம். நிறுத்து, யெர்னெய், இதை நிறுத்து. ஒரே ஒரு வார்த்தைதான். சமையலறையில் அவன் மகள் லூச்காவின் சூப்பை ஊதி ஆற்றிக்கொண்டிருந்தான். பள்ளியில் கொடுத்த மஞ்சள் கழுத்துத் துணியைக் கழற்ற மாட்டேன் என்று அவள் அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். முதல் வகுப்புப் பிள்ளைகள் தெருவில் நடக்கும்போது கட்ட வேண்டிய துணி அது.

“ரோட்டைக் கடக்கும்போது என்ன செய்யணும், சொல்லு?” என்றாள் தியாஷா, வழக்கம்போல.

“வண்டி ஓட்டுறவங்க கண்ணைப் பார்க்கணும். அவங்க கை காட்டினாதான் போகணும். அவங்க நில்லுன்னா நிக்கணும்.”

“பாரு, என் பொண்ணு,” என்றான் யெர்னெய். “உன்னை விட இவ நல்லா பாடம் எடுப்பா.”

வார்த்தை தியாஷாவின் தொண்டையிலேயே தங்கிவிட்டது. அவன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். டாக்டர் பட்டம் வாங்கினவ பேசுற பேச்சா இது. அப்புறம் அந்தச் சிரிப்பு. அதைவிட இன்னொரு பயமும் இருந்தது. காருக்குள், வலப்பக்கம் இருக்கும் அதனிடமே சொல்லிவிடலாம் என்று பலமுறை நினைத்தாள். கையை இறக்கு, யாரையும் கூப்பிடாதே என்று. ஆனால் சொல்லிவிட்டால், அது அங்கே இருப்பது தனக்குத் தெரியும் என்பது அதற்கும் தெரிந்துவிடும்.

அடுத்த வாரம் ரொட்டிப் பையோடு ஒரு பெண் கடந்தாள். தியாஷா காரை ஒழுங்காகத்தான் நிறுத்தியிருந்தாள். அந்தப் பெண் வலப்பக்க இருக்கையைப் பார்த்துத் தலையசைத்து, காரின் முன்னால் நடந்து, எதிர்த்தடத்தில், வண்டிகள் எதிரே வரும் பக்கத்தில், கால் வைத்தபோது பால் லாரி ஒன்று வந்தது. பை மட்டும் நசுங்கியது. அவள் தட்டுத்தடுமாறித் திரும்பி வந்து வலப்பக்கக் கண்ணாடியில் உள்ளங்கையால் அறைந்தாள்.

“வான்னு கை காட்டினது நீங்கதானேய்யா? அந்தப் பக்கம் வண்டி வருதா இல்லையான்னு பார்த்துட்டுக் கூப்பிட மாட்டீங்களா?”

கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தாள். அவள் முகம் தியாஷாவுக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. திட்டிக்கொண்டிருந்த குரல் பாதியில் நின்றது.

“ஏன் சிரிக்கிறீங்க?” என்றாள் அந்தப் பெண், மெதுவாக. பிறகு ஓடும் காலடிச் சத்தம்.

இரவு படுக்கையில் தியாஷா அதைச் சொன்னாள். யெர்னெய் விளக்கை அணைக்கப் போன கையை இழுத்துக்கொண்டான்.

“உனக்கு ஓய்வு வேணும்னா வாயைத் திறந்து கேளு. கதை கட்டாதே.”

“நான் கேக்கல.”

“அப்ப கடைசி நாள் மட்டும்தான் பாக்கி. முடிச்சுக்கொடு, தாயே.”

கடைசி நாள் மதியமே பனி இறங்கிவிட்டது. எதிர்வீட்டுச் சுவர்கூடத் தெரியவில்லை. ஸ்வோன்கோ கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் அவிழ்க்காமல் அவளால் வெளியே வர முடியாது. கண்ணாடிகள் பூட்டியிருந்தன. ஆளில்லாக் காருக்கு ஹாரன் எதற்கு என்று அதை முன்பே எடுத்துவிட்டிருந்தான் யெர்னெய். அவன் பேசுவது அவள் காதுக்கருவியில் கேட்கும். அவள் பேசுவது அவனுக்குக் கேட்காது.

பள்ளிக்கூடத்தெருவுக்குள் திரும்பியபோது அவன் குரல் வந்தது.

“உனக்கு ஒரு சின்ன ஆச்சரியம். குழந்தைங்க எப்படி நடந்துக்கறாங்கன்னு நம்மகிட்ட பதிவு ஒண்ணுமே இல்ல. ஊர்ப் பிள்ளைங்களுக்கு அனுமதி வாங்க மாசக்கணக்காகும். அதான் நம்ம பொண்ணையே நிக்க வெச்சிருக்கேன். நீ உள்ள இருக்கேன்னு அவளுக்குத் தெரியாது.”

தியாஷாவின் கால் பிரேக்கில் இருந்தது. கார் நடக்கும் வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது.

“ஓட்டுறது அவ அம்மா, நிறுத்தப்போறதும் அவ அம்மா. இதைவிட என்ன பாதுகாப்பு வேணும் உனக்கு? நான் முக்குல வேனுக்குள்ளதான் இருக்கேன். மெதுவா வா.”

பனிக்குள் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. கழுத்துத் துணி. அதற்கு மேலே லூச்காவின் முகம். நடைபாதை விளிம்பில் பாதங்களைச் சேர்த்து வைத்து, சொல்லிக் கொடுத்தபடி நின்றிருந்தாள்.

தாண்டிப் போய்விடலாமா? ஓடும் காரின் முன்னால் அது கூப்பிட்டுவிட்டால்? இல்லை, நிறுத்துவதுதான் சரி. கடக்கும் கோட்டுக்கு வெகு முன்னாலேயே நிறுத்தினாள். காரை அசையவிடாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டாள். நான் அசையாவிட்டால் ஒன்றும் ஆகாது. நான் அசையாவிட்டால்.

“நல்லா இருக்கு,” என்றான் யெர்னெய்.

நனைந்த கம்பளியின் வாசம். மூக்கை அடைத்தது. வலக்காதுக்கு அருகே துணி உரசியது.

முன்கண்ணாடியில், வெளியே இருந்த வெள்ளைப் பனியின் மேல், காருக்கு உள்ளே இருந்தவற்றின் பிம்பம் படிந்திருந்தது. வேகமானியின் பச்சை எண்கள். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு கை. நீளமான கை. சாம்பல் நிறக் கோட்டு. அவசரமே இல்லாமல், மரியாதையாக, விரல்களை மடக்கி மடக்கி அழைத்தது.

வா. வா.

லூச்கா வலப்பக்க இருக்கையைப் பார்த்தாள். கூச்சத்தோடு சிரித்தாள். தலையசைத்தாள்.

இறங்கினாள்.

“பார்த்தியா?” காதில் யெர்னெய். மகிழ்ச்சியாக. “குழந்தைகூட. குழந்தைகூடப் பாரேன்.”

தெருவின் எதிர்ப்பக்கம், பனிக்குள், இரண்டு வெளிச்சங்கள். உயரத்தில். பேருந்து. மின்சாரப் பேருந்து, சத்தமே இல்லை. லூச்கா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. காரின் முன்னால் நடந்துகொண்டே இந்தப் பக்கம்தான் பார்த்தாள். கையைத்தான் பார்த்தாள்.

தியாஷா ஸ்டியரிங்கை அறைந்தாள். ஒலி இல்லை. உடம்பைத் திமிறினாள். கயிறு விலாவில் இறங்கியது. கத்தினாள். பஞ்சு கத்தலைக் குடித்தது. பூட்டிய கண்ணாடிகளுக்கு வெளியே யாருக்கும் எதுவும் கேட்காது.

உள்ளே கேட்கும். பக்கத்தில் கேட்கும்.

கண் கண்டு, மனம் உணர்ந்து, உடல் அசைவதற்குள் கழியும் அந்தச் சின்ன நேரத்தைப் பற்றித்தான் அவள் பட்டம் வாங்கியிருந்தாள். அது எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். அது கழிந்துகொண்டிருந்தது. மஞ்சள் துணி காரின் இடது மூலையைத் தாண்டியது. எதிர்த்தடத்தில் ஒரு சின்னக் கால் பட்டது. இன்னொரு கால். இன்னும் நாலு எட்டு வைத்தால் அந்தப் பக்கத்து நடைபாதை.

இத்தனை நாள் தொண்டையில் இருந்த வார்த்தை அப்போதுதான் வெளியே வந்தது. கணவனிடம் அல்ல.

“நிறுத்து. கெஞ்சிக் கேக்குறேன், அவளை நிறுத்து.”

துணி உரசியது. கண்ணாடியில் அந்தக் கை அழைப்பதை விட்டது. விரல்கள் விரிந்தன. உள்ளங்கை வெளியே பார்த்துத் திரும்பி, அப்படியே நின்றது.

லூச்கா உடனே நின்றாள். எதிர்த்தடத்தின் நடுவில், பாதங்களைச் சேர்த்து வைத்து, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி, அடுத்துக் கை காட்டட்டும் என்று சிரித்தபடி காத்து நின்றாள்.