டெஸ்ஸியேயில் நட்ட கொடி

1936 ஏப்ரல் 17, வெள்ளிக்கிழமை. மிலான். காலை 8.40.

அட்டைப் படத்தைக் காணவில்லை.

சுருட்டி எடுத்துப் போகிற சாமான் அல்ல அது. தடித்த அட்டையில், ஓர் ஆள் இடுப்புயரத்துக்கு வரைந்த ஓவியம். நம் இத்தாலியப் படை அபிசீனியாவின் டெஸ்ஸியே நகருக்குள் நுழைகிறது. ஊர்மக்கள் பூங்கொத்து நீட்டுகிறார்கள். முன்னால் ஓர் இளம் சிப்பாய் ஊர்க்குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு சிரிக்கிறான். நகரம் விழுந்தது புதன்கிழமை. படம் தயாரானது அதற்குப் பத்து நாள் முன்பே. 'ஒரிட்சோந்தே' வார இதழில் வெற்றிகளெல்லாம் இப்படி முன்கூட்டியே முடிந்துவிடும். பன்னிரண்டு மணிக்கு அமைச்சக அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அச்சுக்குப் போக வேண்டியதுதான்.

9.10. இன்ஸ்பெக்டர் சபத்தெல்லி ஓவிய அறையைச் சுற்றி வந்தார். ஒரே கதவு. ஜன்னலுக்குக் கம்பி. வாசலில் பை சோதிக்காமல் யாரையும் விடுவதில்லை. அலமாரியில் இல்லை, மேசையடியில் இல்லை, கணப்பில் சாம்பல்கூட இல்லை. சுவர்ப் பலகையில் கதவளவு அபிசீனியா வரைபடம். அதில் படை பிடித்த ஊர்களிலெல்லாம் வரிசையாக ஊசியால் குத்திய குட்டி மூவர்ணக் கொடிகள். அக்டோபரிலிருந்து நாட்டில் எந்தச் சுவரில்தான் அது இல்லை? எல்லாவற்றுக்கும் முன்னால் நின்ற கொடி டெஸ்ஸியேயை எட்டாமல் மலைகளுக்கு நடுவே இருந்தது. தன் வீட்டு வரைபடத்தில் நேற்றே டெஸ்ஸியேயில் நட்டுவிட்டோமே, அவசரப்பட்டுவிட்டோமோ என்று யோசித்தார். இருக்கிற குழப்பத்தில் இது வேறு.

இதழாசிரியர் ரவித்சாவுக்குக் குழப்பமே இல்லை. சாவிக்காரர் பிரம்பாத்தியைக் கைகாட்டினார்.

"இவன்தான், வேற யாரு? பழைய சோஷலிஸ்ட். பன்னெண்டுக்குள்ள படம் வரலைன்னா இவனைத் தீவுக்கு அனுப்புங்க."

தீவு என்றால் ஐந்து வருஷக் காவல், வழக்கு விசாரணை எதுவும் இல்லாமல். பிரம்பாத்திக்கு வயது அறுபத்திமூன்று.

"எப்போ திறந்தீங்க?"

"ஏழரைக்கு. போட்டோ திருத்துற நிவெஸ் பொண்ணு வந்து நின்னுச்சு. திறந்துவிட்டுட்டு காப்பி வாங்கப் போனேன். எட்டுக்குத் திரும்பினேன். அவ்வளவு பெரிய படத்தை எங்கய்யா ஒளிப்பேன், சட்டைக்குள்ளயா?"

நிவெஸ் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அழுதீங்களா?"

"ஜலதோஷம்."

"வீட்ல யாரு?"

"அம்மா. தம்பி போருக்குப் போயிருக்கான்."

"சிப்பாயோட அக்காவையா சந்தேகப்படறீங்க?" என்று ரவித்சா சீறினார்.

11.20. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார். படம் வெளியே போக வழியில்லை, உள்ளேயும் இல்லை. பிரம்பாத்தியின் கண்கள் கடிகாரத்தை விட்டு அசையவில்லை.

"ஒரு சந்தேகம்," என்றார் இன்ஸ்பெக்டர். "டெஸ்ஸியேயைப் பிடிச்சாச்சா, இல்லையா?"

"என்ன கேள்வி இது?" ரவித்சா கொதித்தார். "நேத்து நானே என் கையால கொடி நட்டேன். எல்லாரும் கைதட்டினாங்க."

"அப்போ அது ஏன் ரெண்டு விரல்கடை பின்னாடி நிக்குது?"

இன்ஸ்பெக்டர் கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பதினான்கு. அந்த ஊசிகளே தாங்கியிருந்த வரைபடம் சரிந்தது. பின்னால் பலகையோடு ஒட்டி நின்றது படம்.

"ஆறு மாசமா இந்த நாட்டுல எந்தக் கொடியும் பின்னால போனதில்லை. படத்தை ஒளிக்கப் பிடுங்கித் திரும்பக் குத்தினவங்க பதிமூணைச் சரியான இடத்துல குத்தியிருக்காங்க. பதினாலாவதை டெஸ்ஸியேயில குத்தியிருந்தா ஊசி எங்கே இறங்கியிருக்கும் தெரியுமா?" சிப்பாயின் கன்னத்தில் விரலை வைத்தார். "மத்த இடத்தையெல்லாம் குத்தின கைக்கு இந்த முகத்தைக் குத்த மனசு வரலை. யாரு இவன், நிவெஸ்?"

அவள் உடைந்து அழுதாள்.

"என் தம்பி எல்மோ. ஓவியர் மாதிரிக்கு முகம் கேட்டாரு, நான்தான் பெருமையா போட்டோ குடுத்தேன். முந்தாநாள் அவன் சிநேகிதன் கடுதாசி வந்துச்சு. மார்ச் கடைசியிலயே போயிட்டானாம். டெஸ்ஸியேயை அவன் பார்க்கவே இல்லை. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. ஞாயித்துக்கிழமை புள்ளை அட்டையில சிரிக்கப்போறான்னு குடியிருப்பு பூரா சொல்லிக்கிட்டிருக்கா. கிழிக்கத்தான் வந்தேன். முடியலை."

"பிரம்பாத்தி தீவுக்குப் போயிருப்பாரே?"

"பன்னெண்டு அடிக்கறதுக்குள்ள சொல்லியிருப்பேன்."

பிரம்பாத்தி அவளையே பார்த்தார். நம்பினாரோ இல்லையோ, தன் கைக்குட்டையை நீட்டினார்.

"படம் அறையை விட்டே போகலை," என்றார் இன்ஸ்பெக்டர். "திருட்டுன்னு என்னால எழுத முடியாது."

ரவித்சாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "மணி பதினொண்ணு முப்பத்தஞ்சு. வெளியே தெரிஞ்சா நமக்குத்தான் அசிங்கம். ஓவியர் காய்ச்சல்ல கிடக்காரு. நீயே உட்காந்து ஓட்டையை அடை."

நிவெஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு தூரிகையை எடுத்தாள். பன்னிரண்டு மணிக்கு வந்த அதிகாரி, பிரமாதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஞாயிறு காலை இன்ஸ்பெக்டர் கடையில் ஓர் இதழ் வாங்கினார். ஓர் ஓட்டையும் தெரியவில்லை, கைதேர்ந்தவள்தான். பூங்கொத்து இருந்தது, தோளில் குழந்தை இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தவன் மட்டும் வேறு யாரோ.